கேலப்புக்குச் சாட்சி சொல்லப் போன கதை

கேலப்பைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவருடைய சர்ச்சிலேயே நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதினால் என்னை நாகரிகமாக விட்டுவிடுவார்கள். அப்படி நான் தப்பித்துவிடக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அலபாமாவில் எங்கள் கால்டர்வில் ஊரே இரும்பு உலையைச் சுற்றி முளைத்தது. வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்தபோது இங்கே சோளக்காடும் ஒரு சாராயக்கடையும்தான் இருந்தன என்பார் என் அப்பா. பிறகு மலையில் இரும்புத் தாது கிடைத்தது. பக்கத்திலேயே நிலக்கரி கிடைத்தது. ரயில் வந்தது, வடக்கேயிருந்து முதலாளிகள் வந்தார்கள். 1883இல் நான் ஃபோர்மேனாகச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. கேலப்புக்கு முப்பத்து நாலு. அவர் அந்த உலையில் ஏழு வருஷம் வேலை பார்த்து முடித்திருந்தார். அவருக்கு மேலாளாக என்னை எப்படிப் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உருகிய இரும்பு வெளியே பாயும் இடத்தில் மணலைப் பரப்பி, வரிசையாகப் பள்ளம் வெட்டி வைப்போம். இரும்பு அதில் ஓடி நிரம்பி ஆறும். மணலில் ஈரம் கொஞ்சம் கூடிப்போனால் தீர்ந்தது கதை. இரும்பு பட்டதும் வெடித்து ஆள்மேல் தெறிக்கும். ஈரத்தை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. கேலப்பின் வலதுகைதான் கருவி. ஒரு பிடி மணலை அள்ளி இறுக்குவார், கையை விரிப்பார், அந்த உருண்டை எப்படி உடைகிறது என்று பார்ப்பார். “சரிங்க” என்றால் உலையைத் திறப்போம். “இன்னும் இல்லீங்க” என்றால் காத்திருப்போம். உத்தரவு போடுவது என் வேலை. ஆனால் அவர் கையைப் பார்க்காமல் நான் ஒருநாளும் உத்தரவு போட்டதில்லை.

ஒரே ஒரு நாள் போட்டேன். மேனேஜர் பின்னால் நின்று அவசரப்படுத்தினார், நானும் தலையை ஆட்டிவிட்டேன். கேலப் உலையின் வாய்க்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“வேண்டாங்கய்யா.”

“நகரு, கேலப்.”

“என்னை வேலையைவிட்டு அனுப்பிட்டுத் தொறந்துக்குங்க. நான் நிக்கறப்ப வேண்டாம்.”

தோண்டிப் பார்த்தால் மணலுக்கு அடியில் ஒரு தண்ணீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தது. பதினோரு பேர் நின்றிருந்தோம். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நல்ல கவனம், டில்லார்ட்” என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரை நாங்கள் ‘கேலப் மாமா’ என்று கூப்பிடுவோம். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் எந்த வெள்ளைக்காரனும் ஒரு கறுப்பரை ‘மிஸ்டர்’ என்று சொல்லமாட்டான். இளவயது என்றால் ‘பையா’, தலை நரைத்தால் ‘மாமா’. அவருடைய மனைவி ஒடெஸா எங்களுக்கு வெறும் ‘ஒடெஸா’. நான் மட்டும் அவர்களுக்கு என்றைக்கும் ‘மிஸ்டர் டில்லார்ட்’.

கேலப்புக்கு ஒரு வெள்ளைச் சட்டை உண்டு. சர்ச்சுக்கு வேறு சட்டை. இது தேர்தல் நாளுக்கு மட்டும். அடிமையாகப் பிறந்தவர், இருபத்தொரு வயதில் முதல் ஓட்டுப் போட்டார். அதற்கப்புறம் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. துப்பாக்கியோடு எங்கள் வெள்ளைக்கார ஆட்கள் சாவடி வாசலில் நின்ற வருஷங்களிலும் போனார். அவர் போட்ட ஓட்டு எண்ணிக்கையில் அப்படியே கட்சி மாறிப்போகும் என்று ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும்.

“எதுக்கு வெட்டியா நடக்கற, மாமா?” என்று ஒருமுறை கிண்டல் செய்தேன்.

“திருடறவன் வேலையை அவன் பாக்கட்டுங்க. என் வேலையை நான் பாத்துட்டு வரேன்” என்றார்.

1901இல் மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் வந்தது. ஓட்டுத் திருட்டை ஒழிக்கப் போகிறோம் என்றார்கள். திருடியவர்கள் எங்கள் ஆட்கள். அதை ஒழிக்கத் திருட்டுக் கொடுத்தவனுக்கே ஓட்டு இல்லாமல் செய்துவிட்டால் போதும் என்றார்கள். கேட்டபோது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆதரித்து ஓட்டுப் போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் போட்டேன்.

அடுத்த வருஷம் எல்லோரும் புதிதாகப் பேர் பதிய வேண்டும் என்றார்கள். அப்பா போரில் சண்டை போட்டவர் என்று சொன்னேன், இரண்டு நிமிஷத்தில் என் பேரை எழுதிக்கொண்டார்கள். கறுப்பர்களுக்கு ஒரே ஒரு சந்து விட்டிருந்தார்கள்: நல்ல குணமுள்ளவன் என்று நிரூபித்தால் பதியலாம். கேலப் இரண்டு முறை போய்த் திரும்பி வந்தார். மூன்றாவது முறை போவதற்கு முன்னால் என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“வெள்ளைக்காரர் ஒருத்தர் வந்து என்னை நல்லவன்னு சொல்லணுமாங்கய்யா. நாளைக்கு வியாழக்கிழமை கடைசி நாள். அப்புறம் இந்த வழி அடைஞ்சிடும்.”

“யாரைக் கூட்டிட்டுப் போகப் போற?”

“உங்களைத்தான் கேக்கறேன். வேற யாருக்கு என்னைத் தெரியும்?”

ஒத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பெரிய தர்மப்பிரபு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி லாட்டிக்குப் பிடிக்கவில்லை.

“ஊர் வாய்க்கு அவல் போடணும்னே கெளம்பறியா?”

“பத்தொம்பது வருஷமாத் தெரிஞ்ச ஆளு, லாட்டி. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வரப்போறேன், அவ்வளவுதானே.”

“ரெண்டு வார்த்தையா? சரி, சொல்லிட்டு வா பாக்கலாம்.”

வியாழக்கிழமை கேலப் அந்த வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். கோர்ட்டு மாடியில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கிரிம்ஸ்லி. பருத்தி அரவை ஆலை வைத்திருப்பவர். சுவரோரம் வேலைவெட்டி இல்லாத ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். கேலப் தன் கையால் எழுதிய விண்ணப்பம் கிரிம்ஸ்லியின் முன்னால் கிடந்தது. எழுத்து அச்சு மாதிரி இருந்தது. என் எழுத்து அதில் பாதிகூட வராது.

“எத்தனை வருஷமா இவனைத் தெரியும், டில்லார்ட்?”

“பத்தொம்பது வருஷம்.”

“குடிப்பானா?”

“தொடமாட்டான்.”

“வேலை எப்படி?”

“உலையிலேயே இவன் மாதிரி ஆள் கிடையாது. இவன் கையை நம்பித்தான் என் உசுரே இருக்கு.”

சொல்லிவிட்டு கேலப்பைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நடந்துவிடும் என்று அவரும் நினைத்தார். கிரிம்ஸ்லி விண்ணப்பத்தை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம். சாட்சியோட பேச்சை எழுதிக்கணும். இவன் முழுப்பேரைச் சொல்லு.”

“கேலப்.”

“கேலப்புன்னு ஊரே சொல்லும். குடும்பப் பேரு?”

நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

பத்தொன்பது வருஷம். தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஒரே தளத்தில் நின்றிருக்கிறோம். அந்த மனிதருக்கு ஒரு குடும்பப் பெயர் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. சுவரோரம் யாரோ குபீரென்று சிரித்தான். “மாமான்னு எழுதிக்குங்க சார்!” என்று ஒருவன் கத்தினான்.

கேலப் சொல்ல வாயெடுத்தார்.

“உன்னைக் கேக்கலை” என்றார் கிரிம்ஸ்லி. அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, குழந்தையிடம் பேசுவது மாதிரிக் கேட்டார்: “பேரே தெரியாத ஆளோட குணம் மட்டும் உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?”

அந்த ஆள் கெட்டவன். ஆனால் கேட்ட கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் பதில் சொல்ல முடியவில்லை. கிரிம்ஸ்லி விண்ணப்பத்தின் மேல் ஒரு கோடு போட்டு ஓரமாகத் தள்ளினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

உலைக்குத் திரும்பும் வழி இரண்டு மைல். கேலப் வழக்கம்போல எனக்கு இரண்டடி பின்னால் வந்தார். மன்னிப்பு நான் கேட்கவில்லை. ஓடைப் பாலம் வந்ததும் நின்று கேட்டேன்.

“உன் பேரு என்ன, கேலப்?”

“டாலிவருங்க. கேலப் டாலிவர்.”

“அது உன் பழைய எஜமான் பேரா?”

“இல்லீங்க. அந்தாளு பேரு எனக்கு வேண்டாம்னு விட்டுட்டேன். எனக்கு ஆறு வயசு இருக்கப்ப ஜார்ஜியாவுல எங்கப்பாவை வித்தாங்க. அலபாமாவுல டாலிவர்ங்கறவன் வாங்கினான்னு மட்டும் அம்மாவுக்குத் தெரியும். வாங்கினவன் பேருதானே அப்பாவுக்கும் ஒட்டியிருக்கும். விடுதலை வந்ததும் நடந்தே இங்க வந்துட்டேன். அப்பா எங்கயாவது உசுரோட இருந்து, அந்தப் பேரை யாராவது சத்தமாக் கூப்பிடறதைக் கேட்டா, யாருப்பா அதுன்னு வந்து பாப்பாருல்ல? அதுக்காக வச்சுகிட்டேன்.”

“வந்தாரா?”

“இல்லீங்க.” கொஞ்சம் நடந்துவிட்டு, “எங்க சர்ச்சுல கூப்பிடுவாங்க. வேற எங்கயும் யாரும் கூப்பிடலை” என்றார்.

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். அப்புறம், “மிஸஸ் டில்லார்டுக்கு இடுப்பு வலி எப்படி இருக்குங்க?” என்று விசாரித்தார். எங்கள் வீட்டில் எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரியும். இரண்டு வயதில் நாங்கள் புதைத்த ஓராவின் பெயரும் தெரியும். அன்றைக்குக் கல்லறை வேலிக்கு வெளியே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அன்று இரவெல்லாம் ஒரு முடிவுக்கு வருவதும் அதைக் கைவிடுவதுமாக இருந்தேன். காலையில் உலைக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது அவருடைய சாப்பாட்டு வாளி. நான் தினமும் கோட்டை மாட்டும் ஆணிக்கு அடுத்த ஆணியில் தொங்கும். அதன் மூடியில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியிருந்தது: கே. டாலிவர். புள்ளிகளெல்லாம் எப்போதோ துருப்பிடித்திருந்தன. எத்தனை வருஷமாக என் தோளுக்குப் பக்கத்தில் அது தொங்கியதோ, எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு தடவை, எல்லோர் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தளத்துக்குப் போனேன். வேறு எதையும் என்னால் சரிசெய்ய முடியாது. அதையாவது செய்யலாம் என்று நினைத்தேன். கோர்ட்டில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

“என்ன டில்லார்ட், உன் மாமாவுக்குப் பேரு வச்சாச்சா?” என்றான் கொதிகலன்காரன் ரஃப் மேபரி. வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். “இனிமே மிஸ்டர்னு சொல்லிச் சல்யூட் அடிப்பியா?”

கேலப் மணல் ஓரத்தில் நின்றிருந்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்டர் டாலிவர். இரண்டே வார்த்தை. ‘சொல்லிட்டு வா பாக்கலாம்’ என்று லாட்டி சொன்னாளே, அந்த மாதிரி இரண்டு வார்த்தை. தொண்டைவரைக்கும் வந்துவிட்டது.

“மணல் எப்படி இருக்கு, கேலப் மாமா?” என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். குனிந்து ஒரு பிடி அள்ளி இறுக்கினார். “இன்னும் ஈரமா இருக்குங்க, மிஸ்டர் டில்லார்ட்” என்றார்.

கோர்ட்டில் எனக்குத் தெரியாது. தெரியாதவன் என்று ஒரு சாக்காவது இருந்தது. மறுநாள் தெரியும். அதற்குப் பிறகு ஏழு வருஷம், தினமும் தெரிந்தே அவரை மாமா என்று கூப்பிட்டேன். அந்த வெள்ளைச் சட்டையை அவர் மறுபடி போட்டு நான் பார்க்கவில்லை.

1909 மார்ச்சில் நெஞ்சுச் சளி முற்றிப் படுத்தவர் பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார். அடக்கம் செய்த அன்று எனக்கு ஷிஃப்ட் இருந்தது. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆணியில் தொங்கிய வாளியை எடுத்துக்கொண்டு கறுப்பர் குடியிருப்புக்குப் போனேன். எல்லோரும் சர்ச்சில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். ஒடெஸா உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றா எழுதினேன்? இருந்தார்.

கதவு திறந்ததும் தொப்பியைக் கழற்றினேன். வாளியை இரண்டு கையாலும் நீட்டினேன்.

“மிஸஸ் டாலிவர், உங்க வீட்டுக்காரரோட வாளிங்க.”

வாழ்க்கையில் முதல்முறையாக அப்படிச் சொன்னேன். அவர் வாளியை வாங்கினார். மூடியில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு வாசலுக்கு வெளியே தலையை நீட்டி, தெருவின் அந்தக் கோடியையும் இந்தக் கோடியையும் பார்த்தார்.

“யாரும் இல்லைன்னதும் வருது, இல்லையா மிஸ்டர் டில்லார்ட்?” என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டார். நான் தொப்பியைக் கையில் வைத்தபடி நின்றேன். தெருவில் யாரும் இல்லைதான்.