ஆடி மாதத்தில் உரித்த பிலிம்

காரோடு வந்த கையேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. வழியில் பெயிண்டுக்குக் கீறல் விழாமலிருக்க ஒட்டிய வெள்ளை பிலிமை, வண்டி கைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும்; வெயிலில் விட்டால் பசை பெயிண்டில் படிந்துவிடும் என்று அதில் ஒரு வரி. அதன் கீழே அப்பா பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் "ஆவணி" என்று எழுதியிருக்கிறார். ஆண்டைக் குறிக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது என்பதைக் கொண்டு அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பிலிமை உரித்த மாதம் ஆடி என்பதில் சந்தேகமே இல்லை.

ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம். அப்பாவின் தங்கையான அத்தை, தாத்தா இறந்தபின் திருவான்மியூரில் எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கார் கேட்டிருந்தார்கள். ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்பதால் ஆனி முடிவதற்குள் அப்பா அதை எடுத்துவிட்டார். நீல நிறம் என்று பெயர். பானெட்டையும் கூரையையும் பிலிம் மூடியிருந்ததால் நாங்கள் பார்த்த நீலம் கதவுகளில் மட்டும்தான்.

மாப்பிள்ளையின் அப்பா ஒருநாள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பிலிமின் ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இது இப்படியே இருக்கட்டும். எங்க வாசல்ல வச்சு எங்க பையன்தான் உரிக்கணும். புதுசுன்னா புதுசா வரணும் பாருங்க."

கையேட்டை அதற்குள் இருமுறை படித்திருந்த அப்பா, "கண்டிப்பா" என்றார்.

அதிலிருந்து நிழலைத் துரத்துவது எங்கள் குடும்ப வேலையாயிற்று. வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. தெருவில் ஒரே ஒரு வாதாம் மரம். காலையில் அதன் மேற்கே நிற்கும் வண்டியைப் பிற்பகலில் கிழக்கே கொண்டுபோக வேண்டும். அப்பா ஸ்டியரிங்கைப் பிடிக்க, அம்மாவும் அத்தையும் தள்ளுவார்கள். அப்பா இல்லாதபோது அம்மா உள்ளே உட்கார, அத்தை மட்டும் தள்ளுவாள். நானும் பெயருக்குக் கை வைப்பேன். அதே மரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரருக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னாக்கா, தள்ளிக்கினே மாமியார் வூட்டுக்குப் போயிடுவ போலக்கீதே!"

"சும்மா பேசாம நீயும் வந்து ஒரு கை குடேன்."

"ஐயே, என் நெழலையும் புடிங்கிக்கினு கைய வேற கேக்குறியா?"

அத்தை சிரிப்பாள். அப்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆடி நடுவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சில நாட்கள் பாயைவிட்டு எழவில்லை. அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு ஃபோனில் தகவல் சொன்னார். தள்ள ஆளில்லாமல் கார் வெயிலில் நின்றது. பானெட்டின் ஒரு மூலையில் பிலிம் சுருண்டு எழுந்தது.

காய்ச்சல் விட்ட மறுநாள் சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஃபோன் அடித்தது. பேசியவர் மாப்பிள்ளையின் அப்பா.

"பிலிம் அப்படியேதான் இருக்குங்க. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் எழும்பியிருக்கு" என்றாள் அத்தை. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுங்க. நீங்க கேக்கல, நானா சொல்றேன்." அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "இல்லீங்க, வேற பிலிம் மாத்தி ஒட்ட முடியாது" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

அடுப்பில் வெந்நீர் போட்டாள்.

"பாவாடையத் தூக்கிச் செருகிக்கிட்டு வா."

"அத்தை, அப்பா திட்டுவாரு."

"திட்டட்டும்டீ. நீ அந்த மூலையப் புடி."

வெந்நீரை ஊற்றி ஊற்றி இழுத்தோம். ஓரங்களில் பிலிம் நீளமாக வந்தது. வெயில் ஓயாமல் பட்ட நடுப்பகுதியில் துண்டு துண்டாகக் கிழிந்தது. நகத்தால் சுரண்டப்போன என் கையை அத்தை தட்டிவிட்டாள். பசை தங்கிய இடங்களில் தேங்காய் எண்ணெயைத் தடவி, ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்தாள். நடுநடுவே காரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் கேலி எதுவும் செய்யவில்லை.

நீலம் வெளியே வரவர எனக்குக் கொண்டாட்டம். "அப்போ கார் நமக்கேவா அத்தை?" என்று கேட்டேன். "ஆமாண்டீ" என்றாள். கல்யாணத்துக்கு அதிலேயே போகலாம் என்று நான் மகிழ்ந்தேன்.

முதலில் வந்தவர் அப்பா. கேட்டருகிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"இனிமே இது புதுசு இல்லண்ணா. அவங்களுக்குக் குடுக்க முடியாது. என்னையும்."

அப்பா உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியோடு வந்தார். கூரையின் நடுவே, அத்தையின் கைக்கு எட்டாத இடத்தில், பிலிம் அப்படியே ஒட்டியிருந்தது. முக்காலியில் ஏறி அதை இழுக்கத் தொடங்கினார். "வெந்நீர் ஊத்தும்மா. மெதுவா இழுத்தாத்தான் பசை தங்காது" என்றார். கூரை உயரமாக இருப்பதால் உதவுகிறார் என்றே நான் எண்ணினேன்.

வேலை முடிந்து, குளித்துவிட்டு, தெருமுனை டெலிஃபோன் பூத்துக்குப் போனார். வீட்டு ஃபோன் கெட்டுவிட்டது போலும் என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. "எங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வர மாட்டா" என்று அப்பா பூத்திலிருந்து முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்தார் என்பது அம்மா சொல்வது. அத்தையும் அப்படித்தான் நம்புகிறாள். மாப்பிள்ளை வீட்டுக்கு உறவான ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் என்னிடம் சொன்னது வேறு: அப்பா அன்று மன்னிப்புக் கேட்டாராம், வேறு புதுக் கார் எடுத்துத் தருகிறேன் என்று மன்றாடினாராம், மறுத்தது அவர்கள்தானாம். அப்பா இப்போது இல்லை. அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா சொல்வதையே நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் அந்த பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அப்பா என்ன பேசினார் என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்துகொள்ள முடியவில்லை.