பின்பக்கம் மட்டும் படுத்த கார்

அந்தக் கார் என் மகளின் கராஜுக்கு வந்த காலையை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அதன் பின்பக்கம்தான். முன்பக்கம் நிமிர்ந்திருந்தது. பின்பக்கம் தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்து, எழும்ப முயன்று பாதியில் கைவிட்ட சினைமாடு போலக் கிடந்தது. ஏறாவூரில் புடவைக் கடையும் சில லொறிகளும் வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவருடைய கார். பழையது, ஆனால் ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் மட்டுமே ஏறியிருக்கக்கூடிய வகை. கரும்பச்சை நிறம், தோல் இருக்கைகள், முகப்பில் மெருகேற்றிய மரம்.

"கொழும்புல உருண்டையெல்லாம் மாத்தின, பம்பும் மாத்தின. ரெண்டு கிழமைக்கு நல்லா நிக்கும், பிறகு சுஜூது செய்யத் தொடங்கிரும், அதுவும் பின்பக்கமா" என்றார் ஹாஜியார். தொழுகையில் நெற்றி தரையில் படப் பணிவதுதான் சுஜூது. பிறகு மகளை மேலும் கீழும் பார்த்து, "புள்ள, நீங்கதான் மெக்கானிக்கா, இல்லாட்டி மெக்கானிக் வருவாரா?" என்று கேட்டார்.

"மெக்கானிக் வந்துட்டாரு, ஹாஜியார். சாவியத் தாங்க" என்றாள் மகள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, செங்கலடிச் சந்திக்கு அருகே ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து அவள் கராஜ் தொடங்கியிருந்த காலம் அது. மோட்டார் சைக்கிள்கள் வந்தன, ஓட்டோக்கள் வந்தன. பெரிய வாகனத்தை ஒரு பெண்ணிடம் ஒப்படைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஹாஜியார்கூட, மற்ற எல்லாரும் கைவிட்ட பிறகுதான் வந்தார். "இத நிமித்தித் தந்தா என்ட லொறி எல்லாம் உங்கட்டத்தான் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாதாரணக் காரைத் தாங்குவது இரும்புச் சுருள்கள். இதைத் தாங்குவது எண்ணெய். எஞ்சினோடு ஓடும் ஒரு பம்ப் எண்ணெயை அமுக்கி நான்கு சில்லுகளுக்கும் அனுப்ப, கார் மெல்ல மேலெழும். வாயு நிரப்பிய உருண்டைகள் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். அமுக்கம் போனால் கார் படுத்துவிடும். இவ்வளவையும் மகள் எனக்குச் சோற்றுத் தட்டிலே விளங்கப்படுத்தினாள். நான் கல்லடியில் கணிதம் படிப்பிக்கிறவள், விளங்கியது. விளங்கியதனால்தான் பயமும் கூடியது. எண்ணெயை நம்பி நிற்கிற அத்தனை எடைக்குக் கீழே என் பிள்ளை படுக்கப் போகிறாள்.

பாடசாலை விடுமுறை என்பதால் மதியச் சாப்பாட்டை நானே கொண்டுபோனேன். அன்றைக்கும் அப்படித்தான், கையில் பாத்திரத்தோடு கொட்டகை வாசலில் நிற்கிறேன். காருக்குக் கீழே அவளுடைய கால்கள் மட்டும் தெரிகின்றன. ஒரு குழாயைத் தளர்த்தினாள் போலும், 'புஸ்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து நின்ற முன்பக்கம் என் கண்ணெதிரே இறங்கியது. மெதுவாகக்கூட இல்லை, ஒரேயடியாக. பாத்திரம் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

கால்கள் அசைந்தன. அவள் பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் பச்சை எண்ணெய், அதற்குள்ளே சிரிப்பு. "அம்மா, பின்பக்கத்துக்கு எண்ணெய் வருது. அமுக்கம் நல்லா இரிக்கு. பம்புல பிழையில்ல."

கீழே இறங்குவதற்கு முன்பே பின்பக்கத்தை ஜாக்கால் உயர்த்தி, பழைய தண்டவாளக் கட்டைகளைச் சட்டத்துக்குக் கீழே அடுக்கியிருந்தாள். கார் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. காரின் அடிக்கும் அவள் நெஞ்சு கிடந்த இடத்துக்கும் நடுவே என் கை நுழையுமளவு இடைவெளி. "விழுமெண்டு தெரியும். அதுக்குத்தானே கட்ட வெச்ச" என்றாள். அவளுக்கு அது கணக்கு. எனக்கு இன்றைக்கும் வீதியில் பஸ் ஒன்று பிரேக் பிடித்து 'புஸ்' என்றால் கண் அவளைத் தேடுகிறது.

அன்று பின்னேரம் வீட்டில் நான் அழுதேன், ஏசினேன், சாப்பிடாமல் கிடந்தேன். திருகோணமலையில் ஒரு அலுவலகத்தில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தான் என் தம்பி. மின்விசிறிக்குக் கீழே, மேசையில், கணினி முன்னால். அவளும் கடைசியில் களைத்துப் போய், "சரி அம்மா, இந்தக் காரில என்ன பிழையெண்டு நான் கண்டுபிடிக்காட்டி கராஜப் பூட்டிட்டு மாமா சொன்ன வேலைக்குப் போறன். கண்டுபிடிச்சா இனி இந்தக் கத கதைக்கப்படாது" என்றாள். ஒத்துக்கொண்டேன். கொழும்பிலேயே முடியாதது இங்கே எப்படி முடியும் என்று அப்போது எனக்கு ஒரு தைரியம்.

அடுத்த நாள் விடிந்ததும் அவளோடு நானும் போனேன். அவள் தளர்த்திய குழாயை இறுக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். பம்ப் நீண்ட இடைவெளி விட்டுத்தான் 'டிக்' என்றது. அது நல்ல அடையாளமாம். எண்ணெய்த் தொட்டியில் குறைவில்லை, எங்கும் ஒழுக்கில்லை, பிரேக் உறுதியாக இருந்தது. எல்லாம் சரி, பின்பக்கம் மட்டும் எழும்பவில்லை. அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கையைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது. விளக்குமாற்றை எடுத்து, கட்டைகளின்மேல் நின்ற காருக்குக் கீழே வெளியிலிருந்தபடி கூட்டினேன். முன்பக்கத்தில் சிவப்புப் புழுதி வந்தது. பின்பக்கத்தில் காய்ந்து உதிர்ந்த கருஞ்சேறும், அதில் ஒட்டிய ஊரியும் வந்தன. ஆற்றோரத்தில் கிடக்கும் குட்டிச் சிப்பிகளைத்தான் நாங்கள் ஊரி என்போம். கடலோடு கலக்கும் உப்புநீர் வாவியை ஆறு என்பதுதான் எங்கள் வழக்கம். கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாயில்லாவிட்டால் கண் அங்கே நின்றுவிடும். "மகள், இந்தக் கார் பின்பக்கத்தால மட்டும் ஆத்துக்குள்ள போய் வருதா?" என்று கேட்டேன்.

அவள் என் உள்ளங்கையில் கிடந்த ஊரியைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

ஹாஜியார் நேரிலேயே வந்துவிட்டார். "ஓம், வெள்ளிக்கிழமையில ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி ஆத்தோரம் கொண்டு போய், ரிவர்ஸ்ல தண்ணிக்குள்ள இறக்கி என்ட கையாலதான் கழுவுற. வேற ஆக்கள தொடவிட மாட்டன்."

"முன்னால இறக்கிறல்லயா?" என்று கேட்டாள் மகள்.

"எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருமே. நான் என்ன மடையனா?"

மகள் சிரிக்கவில்லை. பெரியவர் என்ற மரியாதைக்காக உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கீழே போனாள். நான் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஹாஜியாரும் என் பின்னால் வந்து தட்டிப் பார்த்தார்.

பின் அச்சுக்கு அருகே ஒரு சிறிய வால்வு இருக்கிறதாம். கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒரு மெல்லிய கம்பி அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தாழ்ந்தால் வால்வு எண்ணெயை உள்ளே விடும், உயர்ந்தால் வாங்கிவிடும். அந்தக் கம்பியின் மூட்டு உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கார் தாழ்ந்த செய்தி வால்வுக்குப் போகவேயில்லை. கொழும்பில் வேலை செய்யும்போதெல்லாம் மூட்டு கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கும். ஊருக்கு வந்து இரண்டு வெள்ளிக்கிழமை குளித்ததும் மறுபடி இறுகியிருக்கும். நான்கு சில்லுகளுக்கும் பொதுவான பம்பையே எல்லாரும் பார்த்தார்கள். ஹாஜியாரின் வெள்ளிக்கிழமையை யாரும் கேட்கவில்லை.

மூட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி, தேய்த்து, கிரீஸ் நிரப்பி, தண்ணீர் புகாமல் ரப்பர் உறையும் போட்டு அவள் பூட்டி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. கட்டைகளை இழுத்தெடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டாள். முன்பக்கம் எழும்பியது. பின்பக்கம் ஒரு மூச்சு நேரம் யோசித்துவிட்டு, அதுவும் எழும்பியது.

"பாரம் ஏறினாத்தான் உண்மை தெரியும். அம்மா, ஹாஜியார், பின்னுக்கு ஏறுங்க" என்றாள்.

நான் தயங்கினேன். ஹாஜியார் கதவைத் திறந்து பிடித்து, "ஏறுங்க டீச்சர், விழுந்தா ரெண்டு பேரும்தானே விழுவம்" என்றார். ஏறி உட்கார்ந்தோம். கார் எங்கள் பாரத்தில் தாழ்ந்தது. என் கை தானாகவே கதவுப்பிடியைத் தேடிற்று. தாழ்ந்தது நின்றது. பிறகு, தாய் தன் மடியிலிருக்கும் பிள்ளையோடு எழும்புகிற மாதிரி, கார் எங்களைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தது. கண்ணாடி வழியே மகளின் முகம் மெல்லக் கீழே போய், சரியான உயரத்தில் நின்றது. என் கை கதவுப்பிடியை இன்னும் விடவில்லை. ஆனால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இனி கிணத்துத் தண்ணி, ஹாஜியார்" என்றாள் வெளியே நின்றபடி.

"கிணத்துத் தண்ணி. முதல் லொறி நாளைக்கு வரும் புள்ள" என்றார்.

இப்போது அந்தக் கொட்டகை முன் லொறிகள் வரிசையில் நிற்கின்றன. அவள் கீழே இறங்கும் நேரத்தில் நான் அங்கே இருந்தால் இன்றைக்கும் கட்டைகளைத் தட்டிப் பார்க்கிறேன்; அவளும் விட்டுவிடுகிறாள். அன்று ஹாஜியாரின் காருக்குள் இருந்தபடியேதான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த வேலைக்குப் பிள்ளை எப்போது வருவாள் என்று கேட்டான்.

"அவள் வரமாட்டாள் தம்பி. அவளுக்கு இஞ்ச நிறைய வேல கிடக்கு" என்றேன்.