பட்டாளத்தானின் கடைசிக் குட்டி

பாலுசாமி "எம்பட குதிர" என்று பேச்செடுத்தால், அது அவர் கொட்டகையில் கட்டியிருக்கும் குதிரை இல்லை என்பது சூலூர் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். அது கிரே பிரிகேடியர். ஊட்டியிலும் பெங்களூரிலும் ஒரே வருஷத்தில் டர்பி பந்தயம் ஜெயித்தது. கோயமுத்தூரில் மூன்று மில் வைத்திருக்கும் வெங்கடபதிக்குச் சொந்தமான குதிரை. பாலுசாமிக்கு அதன் வால்மயிர் ஒன்றுகூடச் சொந்தமில்லை. நாலு வருஷம் அதற்கு சைஸ் வேலை, அதாவது குதிரைக்காரன் வேலை பார்த்தார். புல் போட்டு, லத்தி அள்ளி, தேய்த்துக் குளிப்பாட்டி, கால் அமுக்கிவிட்டார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டே மனிதர் பிற்பாடு பல வருஷம் ஓட்டிவிட்டார்.

விசைத்தறிச் சத்தத்தில் காது மரத்துப்போய்க் கிடந்த இருபத்திரண்டாவது வயதில், ஊட்டி சீசனுக்குக் குதிரை ஏற்றிப்போன லாரி ஒன்றில் கூடமாட உதவிக்குப் போனவர் அப்படியே லாயத்தில் தங்கிவிட்டார். வருஷத்தில் மூன்று மாதம் ஊட்டி, மற்ற மாதமெல்லாம் சென்னை, பெங்களூர். கல்யாணம் ஆன பிறகும் ராசாத்தாள் ஊரில், அவர் லாயத்தில். பிள்ளை இல்லை. "வருசத்துக்குப் பதினஞ்சு நாளு ஊட்டுக்கு வந்தா புள்ள எங்கிருந்துங்க வரும்?" என்று ராசாத்தாள் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

பிரிகேடியருக்கு லாயத்தில் பெயர் பட்டாளத்தான். கடிக்கும். ஜாக்கியைக் கடித்திருக்கிறது, டாக்டரைக் கடித்திருக்கிறது, கோப்பை கொடுக்க வந்த பெரிய மனுஷர் ஒருவரின் கோட்டைக் கிழித்திருக்கிறது. பாலுசாமியின் தோளில் மட்டும் தாடையை வைத்துக்கொண்டு நின்றபடி தூங்கும். டர்பி ஜெயித்த அன்று எடுத்த போட்டோவில் வெங்கடபதியின் குடும்பமே நிற்கிறது. கடிவாளத்தைப் பிடித்த பாலுசாமியின் தலை கோப்பைக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. அந்தப் போட்டோவைத்தான் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் வேறொரு குதிரை உதைத்து முழங்கால் சில்லு உடைந்தது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டாளத்தான் அதற்கு முன்பே ஓட்டத்தை விட்டு இனப்பெருக்கத்துக்கான பொலிகுதிரையாகப் போய்விட்டது. ஆனைமலை அடிவாரத்தில் வெங்கடபதிக்கு ஒரு பண்ணை உண்டு. பாலுசாமி கையில் இருந்ததைப் போட்டு அந்தியூர்ச் சந்தையில் ஒரு நாட்டுப் பெட்டைக்குதிரை வாங்கினார். மயிலா என்று பெயர். மாப்பிள்ளை ஊர்வலம், கோயில் சாட்டுத் திருவிழா என்று மயிலாவைக் கூட்டிப்போவார். தலைக்கு மேல் சூலூர் விமானங்கள் உறுமிக்கொண்டு போவதைக் கேட்டுப் பழகிய குதிரை, வேட்டுச் சத்தத்துக்கு அசையாது. அதனால் கிராக்கி இருந்தது. சோறு போட்டது மயிலாதான். ஆனால் டீக்கடையில் பெருமை பேசுவதற்குப் பட்டாளத்தான். மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள், என்ன செய்ய.

ஒரு தை மாதம் மயிலா ஒரு பெட்டைக்குட்டி போட்டது. ராசாத்தாள் அதைவிட்டு நகரவில்லை. குட்டி பால் குடிக்கும்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, அது சப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். குட்டிக்கு ஒன்பது நாள் ஆனபோது, காலை பத்து மணிவாக்கில் பண்ணை ஜீப்பும் பின்னால் குதிரை லாரியும் வாசலில் வந்து நின்றன. ஜீப்பிலிருந்து பண்ணை மேனேஜர் கிருபாசங்கர் இறங்கினான். முப்பது வயது இருக்கும். மரியாதையான பையன்.

"ஏனுங்ண்ணா, உங்களாலதான் ஆகோணும். வெடியால ஒரு குட்டி பொறந்துச்சுங்க. தாய்க்குதிர வெளிநாட்டுது. ரத்தம் போய் செத்துப்போச்சு. குட்டிக்குப் பால் இல்லீங்க."

"யார் குட்டிங்க?" என்றார் பாலுசாமி. தெரிந்துகொண்டே கேட்டார்.

"பிரிகேடியருதுங்க. போன வருசம் பிரிகேடியர் செத்துப்போச்சுங்களே, அதோட கடைசிக் குட்டி. ஆம்பளக் குட்டி. மூக்குமேல வெள்ளக்கோடு அப்படியே அப்பனாட்டங்க."

பந்தயக் குதிரை வளர்க்கிற இடங்களில் இது வழக்கம்தான். பெரிய ரத்தத்துக் குட்டி தாயில்லாமல் போனால், புதிதாய்க் குட்டி போட்ட நாட்டுக் குதிரையைத் தேடிப் பிடித்து வாடகைக்குப் பால் கொடுக்க வைப்பார்கள். ஐந்து மாதம். நாட்டுக் குதிரையின் சொந்தக் குட்டி கூட வரக்கூடாது. அது பக்கத்தில் இருந்தால் தாய் வேற்றுக் குட்டியை மடியில் சேர்க்காது.

"அப்ப இந்தக் குட்டிக்குப் பாலுங்க?" என்று ராசாத்தாள் கேட்டாள். கிருபாசங்கர் பால் பவுடர் அனுப்புவதாகச் சொன்னான். அவள் அவனைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

பாலுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "ஏம்புள்ள, மாட்டுப்பாலு ஊத்துனா வளந்துட்டுப் போகுது. நீ எத்தன கன்னுக்குட்டி வளத்திருப்ப? அதே மாதிரி காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா வவுறு நெறைய ஊத்து."

"கன்னு வேறைங்க. இது குதிரைங்களே."

"குதிரையப் பத்தி எனக்கா சொல்லித் தர்ற?"

இதற்குமேல் ராசாத்தாள் என்ன பேசுவாள்? முப்பது வருஷம் குதிரையோடு இருந்த மனிதர். ஆனால் ஒன்றை அவரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. பந்தய லாயத்துக்கு வரும்போதே குதிரைகளுக்கு இரண்டு வயது ஆகியிருக்கும். பாலுசாமி தன் ஆயுசில் பால்குடிக் குட்டி ஒன்றைக்கூட வளர்த்ததில்லை.

மயிலாவை லாரியில் ஏற்ற அரைமணி நேரம் ஆயிற்று. குட்டியை ராசாத்தாள் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அது கத்தியது. மயிலா உள்ளிருந்து பலகையை உதைத்தது. பாலுசாமி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டார். பொள்ளாச்சி தாண்டும்வரை அவர் மனசெல்லாம் மூக்குமேல் வெள்ளைக்கோடு போட்ட குட்டிமேல்தான் இருந்தது என்பதை மறைத்து என்ன பயன்.

குட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டாளத்தானே மறுபடி சின்னதாக வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் மயிலா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிட்டே விட்டால் காதை மடக்கிக்கொண்டு உதைத்தது. வாசனை தெரியாமலிருக்க மூக்கில் கற்பூரத் தைலம் தடவினார்கள், காலைக் கட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பாலுசாமி மயிலாவின் பாலைக் கறந்து கொடுக்க, பண்ணையின் மூத்த சைஸ் பீர் முகம்மது அதைப் பாட்டிலில் குட்டிக்குப் புகட்டினார். அவர் மணிக்கொருதரம் புகட்டுவதை மறுநாள் மத்தியானம்தான் பாலுசாமி கவனித்தார்.

"ஏம் பாய், இத்தன தடவையா? ரெண்டு நேரம் நெறையாக் குடுத்தாப் போதாதா?"

பீர் முகம்மது சிரித்தார். "அப்படிக் குடுத்தா வயிறு கழிஞ்சு போய்ச் சேந்துரும். குதிரைக்குட்டி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடிக்கும். இது தெரியாதா உங்களுக்கு?"

பாலுசாமி பால் செம்பைக் கீழே வைத்தார். வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"நேத்துப் பொழுதோட இருந்தே கழியுதுங்க," என்றாள் ராசாத்தாள். "தண்ணியாட்டம் போகுது. எந்திரிக்க மாட்டேங்குது. மாட்டு டாக்டரு ஊசி போட்டுட்டுப் போயிருக்கறாரு. பவுடரு வரலீங்க. நீங்க வாங்க."

பவுடர் எங்கே என்று கிருபாசங்கரிடம் போய்க் கேட்டார். இருந்த இரண்டு டப்பாவையும் இந்தக் குட்டிக்கு என்று எடுத்து வைத்துவிட்டார்களாம். வேறு ஆர்டர் போட்டிருக்கிறதாம். "நீங்க இப்பப் போனா மயிலாகிட்ட யாரும் நெருங்க முடியாதுங்ண்ணா. பால் கறக்க முடியாது. இந்தக் குட்டி செத்துரும். அப்புறம் உங்க இஷ்டமுங்க."

வெங்கடபதி அவரைக் கட்டிப்போடவில்லை. கிருபாசங்கர் கேட்டைப் பூட்டவில்லை. பண்ணை வாசலில் நின்றால் பொள்ளாச்சிக்கு பஸ் வரும். பாலுசாமி வாசல்வரை நொண்டிக்கொண்டு போனார், நின்றார், திரும்பி லாயத்துக்கே வந்தார். ராசாத்தாளுக்கு மறுபடி போன் போட்டு, மணிக்கொருதரம் கொஞ்சமாகக் கொடு, சர்க்கரைத் தண்ணி கொடு என்றார். "சரிங்க" என்றாள். வாங்க என்று இன்னொரு தடவை அவள் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் குட்டி செத்துப்போனது. போனை வைத்துவிட்டு, பாலுசாமி தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பட்டாளத்தானின் குட்டியும் சோர்ந்துகொண்டே வந்தது. கறந்த பால் அதற்குப் போதவில்லை, மயிலாவுக்கும் பால் வற்றத் தொடங்கியிருந்தது. கிருபாசங்கர் வந்து பக்கத்தில் நின்றான். அவனுக்கு விஷயம் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்து கேட்க அவனுக்கு மனசு வரவில்லை. அந்த நல்ல குணத்தை அவன் கணக்கில் எழுதிவிட வேண்டும். கேட்டது அவனில்லை. சொன்னது பாலுசாமிதான்.

"ஜீப்பக் குடுங்க தம்பி. தோல எடுத்துட்டு வந்தர்றேன்."

மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்று செத்தால் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மாட்டுக்கு முன்னால் நிறுத்திப் பால் கறப்பார்கள்.

வீட்டில் ராசாத்தாள் குழி தோண்டி முடித்திருந்தாள். குட்டியை வெந்நீரில் கழுவித் துடைத்து, தன் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தாள். சேலையைப் பிரிக்கச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார்.  அவள் எழுந்து உள்ளே போய், கத்தியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கொட்டகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவர் முடிக்கிறவரை திரும்பவில்லை. அழுகிற சத்தமும் வரவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அந்தத் தோலைப் பட்டாளத்தானின் குட்டிமேல் போர்த்தி, வயிற்றுக்கடியில் கயிறு போட்டுக் கட்டி, மயிலாவிடம் விட்டார்கள். மயிலா முகர்ந்தது. முதுகிலிருந்து வால்வரை முகர்ந்தது. தொண்டைக்குள்ளேயே மெதுவாகக் கனைத்தது. நக்க ஆரம்பித்தது. குட்டி மடியில் வாய் வைத்தபோது அசையாமல் நின்று கொடுத்தது.

பீர் முகம்மது "அல்லா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கிருபாசங்கர் முதலாளிக்குப் போன் போட ஓடினான். அந்த நிமிஷம் பாலுசாமிக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் பிற்பாடு அவரால் தாங்க முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்து மயிலாவோடு வீட்டுக்கு வந்தார். ராசாத்தாள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பண்ணையில் கொடுத்ததை வைத்துக் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். மயிலா அதற்குப் பிறகு சினை பிடிக்கவில்லை. பாலுசாமி டீக்கடையில் பட்டாளத்தானைப் பற்றிப் பேசுவது குறைந்து, ஒருநாள் நின்றேபோய்விட்டது.

குட்டி என்ன ஆயிற்று? பெரிய விலை போனது, பெரிய பெயர் வைத்தார்கள், பெங்களூரில் ஓடவிட்டார்கள். மூன்று ஓட்டம் ஓடியது. மூன்றிலும் கடைசிக்கு ஒன்று முந்தி. அப்பனின் ரத்தம் இருந்தது, அப்பனின் கால் இல்லை. நாலாவது ஓட்டத்துக்கு முன்னால் முன்னங்கால் நரம்பு தெறித்து, கைமாறிக் கைமாறி எங்கேயோ போயிற்று. இதெல்லாம் பாலுசாமிக்குத் தெரியாது. போன ஆடியில், அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கல்யாணக் குதிரைச் சாமான் வாங்க ராசாத்தாளோடு போனபோதுதான் தெரிந்தது.

தென்னைமரம் ஒன்றில் சாம்பல் நிறக் குதிரையைக் கட்டியிருந்தார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். முன்னங்கால் ஒன்று வீங்கியிருந்தது. மூக்குமேல் வெள்ளைக்கோடு. பாலுசாமி அங்கேயே நின்றுவிட்டார். அவர் நின்றதைப் பார்த்து, வாங்க வந்த ஆள் என்று நினைத்துத் தரகர் ஓடிவந்தார். "ரேஸ் குதிரைங்க. புக்கு இருக்குதுங்க, பாருங்க. அப்பன் பேரு கிரே பிரிகேடியர். டர்பி அடிச்சதுங்க. மாப்பிள்ள ஊர்வலத்துக்கு ஓட்டுனா சும்மா ஜம்முனு இருக்கும். வெல பாத்துப் போட்டுக்கலாமுங்க."

ராசாத்தாள் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள்.

"இதானுங்களா அது?"

அவர் தலையை ஆட்டினார்.

"இதுக்குத்தானுங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பாலுசாமி அங்கேயே, அத்தனை ஜனங்களுக்கு நடுவில், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தரகர் ஒன்றும் புரியாமல் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ராசாத்தாள் பக்கத்துக் கடையில் ஒரு கட்டுப் புல் வாங்கிக் குதிரைக்கு முன்னால் போட்டாள். அது தின்று முடிக்கும்வரை நின்றாள். "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் அவர். நாலரை வருஷமாகக் கேட்காத ஒன்றைப் பாலுசாமி கேட்டார்.

"நம்ம குட்டிய... அந்த நாலு நாளும் என்ன பேரு சொல்லிக் கூப்புட்ட?"

ராசாத்தாள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க அது?" என்றாள்.

பவானி வந்தது, பெருந்துறை வந்தது, அவிநாசி வந்தது. அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.