கால் பிடிக்கிற வேலை

என் மகள் டிவியில் தெரிந்தபோது, அது என் மகள் இல்லை என்று சொன்னேன். இளமையில் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தப் பங்குனியில்தான், அருப்புக்கோட்டையில், என் அண்ணன் வீட்டு முன்னறையில், உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போது சொன்னேன். அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை, மறதி இல்லை, குடிப்பழக்கமும் கிடையாது.

எங்களுடையது வியாபாரக் குடும்பம். அண்ணனுக்கு வத்தல், பருப்பு மொத்த வியாபாரம். நான் ஒருவன்தான் படிப்புப் பக்கம் போய், திருச்சுழி வட்டாரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றேன். வீடு பாளையம்பட்டியில். ஒரே மகள். மதுரையில் பிசியோதெரபி படித்துவிட்டு மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனாள். படிப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் சேருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் வடக்கே ஒரு கடலோரச் சிற்றூரில் கால்பந்துக் கிளப்பில் சேர்ந்தாள். ஆட்டக்காரர்களுக்குத் தசை பிடித்தால், மூட்டு விலகினால், மறுபடி ஓட வைப்பது அவள் வேலை.

"நம்ம ஊர விடச் சின்ன ஊருப்பா. கிரவுண்டுல ஒரு பக்கந்தான் தகரம். ஓங்கி அடிச்சா பந்து கடலுக்குப் போயிரும், திருப்பி எடுக்கிறதுக்குன்னே ஒரு தாத்தா படகு வச்சிருக்காரு" என்றாள். என் மனைவி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"ஆம்பளைக காலப் பிடிக்கவா உன்னப் படிக்க வச்சேன்?" என்று கேட்டேன்.

"காலப் பிடிக்கிறது வேற, காலப் பிடிச்சு விடுறது வேற. எழுவது பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துன ஆளு நீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் 'காலைப் பிடித்தான்' என்றால் காரியத்துக்காக மானத்தை விட்டான் என்றுதான் பொருள். பஞ்சாயத்துத் தலைவரின் காலைப் பிடிப்பார்கள், மாற்றல் வாங்க அதிகாரியின் காலைப் பிடிப்பார்கள். அந்தச் சொல் என் மகளின் தொழிலில் ஒட்டிக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் பாலவனத்தம் போகிற பஸ்ஸில் பழைய சக ஆசிரியர் ஒருவர், "பிள்ள லண்டன்ல டாக்டராமே?" என்று கேட்டார். லண்டனும் இல்லை, டாக்டரும் இல்லை. "ஆமா" என்றேன். இறங்கும்போது மனம் லேசாக இருந்தது. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். மனைவி மறுக்கவில்லை. யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இந்த ஆண்டு மகளின் கிளப் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. உலகம் அறிந்த பெரிய கிளப்புகளுக்கு அதில் இடமில்லை. கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடுகிறவர்களுக்கென்றே நடக்கிற கோப்பை. ஒரு ஆட்டம் தோற்றால் அத்தோடு வெளியே. இப்படிச் சுற்றுச் சுற்றாகத் தப்பிப் பிழைத்து வந்தால், கடைசி ஆட்டம் மட்டும் லண்டனில், நாட்டின் பெரிய மைதானத்தில். தகரக் கூரையின் கீழ் ஆடிப் பழகியவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைப்பது. ஊரே கடைகளை அடைத்துவிட்டு பஸ் பஸ்ஸாகக் கிளம்புகிறது என்று மகள் சொன்னாள்.

"அப்பா, எங்க லெப்ட் விங் பையனுக்கு மூணு மாசமா முட்டி சரியில்ல. நான்தான் பாத்து எந்திரிக்க வச்சிருக்கேன். ஆடப்போறான். அவன் விழுந்தா நான் உள்ள ஓடுவேன், டிவில தெரிவேன். எல்லாரையும் கூட்டி வச்சுப் பாருங்கப்பா."

அவள் என்னிடம் பல ஆண்டுகளாக எதையும் கேட்டதில்லை. பீஸ் கட்டிய காலத்தோடு கேட்பது நின்றுபோயிருந்தது. இது ஒன்றைக் கேட்டாள், எல்லாரையும் கூட்டி வைத்துப் பார்க்கச் சொல்லி.

நான் மனைவியிடம், "அதெல்லாம் இந்தியாவுல தெரியாது, சின்ன மேட்ச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அன்று அம்மன் கோயில் பொங்கல். அண்ணன் வீட்டில் கறிச்சாப்பாடு. அண்ணன் மகனுக்குப் பெண் கொடுத்த விருதுநகர் சம்பந்தியும் வந்திருந்தார். அவர் தங்கை மகன் சென்னையில் டாக்டர். "டாக்டருக்கு டாக்டரு பொருத்தந்தான வாத்தியாரே" என்று அதற்கு முந்தைய மாதம் அவர்தான் பேச்சைத் தொடங்கியிருந்தார். மகளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்தப் பேச்சை நான் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிச் சுமந்துகொண்டிருந்தேன்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் இருக்கும். அண்ணனின் மருமகள் தன் போனை எடுத்து டிவியோடு சேர்த்தாள். திரை முழுக்கப் பச்சையாகப் புல்.

"என்னம்மா இது?" என்றேன்.

"அக்கா டீம் மேட்ச்சு, சின்ன மாமா. சின்னத்தைதான் வைக்கச் சொன்னாக. அக்காவே லிங்க் அனுப்பிருக்கு." அவள் முகமெல்லாம் சிரிப்பு. 'அக்கா டீம்' என்று அவள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா இருக்கிற ஊரின் டீம் என்று நினைத்திருப்பார்கள். மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள்.

அண்ணன் பல் குத்திக்கொண்டே, "ஏலே தம்பி, அந்தப் புல்லப் பாருடா. நம்மூரு ஆட்ட அவுத்து விட்டா ஒரு வருசத்துக்குக் காணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இதுல தோத்தா?" என்று சம்பந்தி கேட்டார்.

"தோத்தா போக வேண்டியதுதான். அடுத்த ஆட்டம் கெடையாது" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

இரண்டாம் பாதியில் ஆளுக்கு ஒரு கோல் என்று இருந்தபோது அந்தப் பையன் விழுந்தான். கோட்டோரத்தில் பந்தைத் துரத்தி ஓடி, யாரும் இடிக்காமலே விழுந்தான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டி, கையில் நீல உறை மாட்டியிருந்தாள். கேமரா கிட்டத்தில் போனது. அண்ணன் வீட்டுச் சுவர் முழுக்க என் மகளின் முகம். முழங்காலில் உட்கார்ந்து, ஒரு கையால் அவன் குதிகாலை ஏந்தி, இன்னொரு கையை முட்டிக்குக் கீழே கொடுத்து, மெல்ல மடக்கினாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் மடக்கினாள். நான் பார்த்த எந்த டாக்டரும் நோயாளியை அப்படிப் பார்த்ததில்லை. அதை அப்போதே கவனித்தேன். கவனித்த பிறகும்தான் அடுத்து வந்த பேச்சைப் பேசினேன்.

"ஏன் வாத்தியாரே, இது உங்க பிள்ள மாதிரில இருக்கு?" என்றார் சம்பந்தி.

"சேச்சே. அது என் மக இல்ல. அவ ஆஸ்பத்திரில டாக்டரு. இது யாரோ மலையாளத்துப் பொண்ணு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்படிக் காலப் பிடிக்கிற வேலைக்கெல்லாம் நம்ம பிள்ளைக போகுமா?" என்று சேர்த்துக்கொண்டேன். நன்றாகச் சிரித்தும் வைத்தேன்.

யாரும் கூடச் சிரிக்கவில்லை. மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். மாமியாரின் போனை வாங்கி, டிவித் திரையை அவள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. மனைவி உள்ளே போய்விட்டாள்.

திரையில் மகள் எழுந்து நின்று, ஓரத்தில் இருந்தவர்களைப் பார்த்து இரண்டு கைகளையும் சுழற்றிக் காட்டினாள். இவனால் முடியாது, மாற்றுங்கள் என்று அர்த்தம். கூட்டம் ஊளையிட்டது. அவர்களுக்குப் பெனால்டி அடிப்பவன் அவன்தானாம். ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. அவன் இல்லாமல் தோற்றார்கள். நான் கடைசி வரை பார்க்கவில்லை. ஒன்றுக்குப் போவது போல எழுந்து போய்க் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன்.

மருமகள் நல்ல பெண். அக்கா ஓடி வருவதில் தொடங்கி, கை காட்டுவது வரை எடுத்து வைத்திருந்தாள். எடுத்த கையோடு மாமியார் போனிலிருந்தே அக்காவுக்கு அனுப்பியும் விட்டாள். அதில் யார் பேச்சு பதிந்திருக்கிறது என்று அவள் போட்டுக் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் வீடியோ என்றால் படம்தான், சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்?

தோற்றுப்போய், தன் ஊர்க்காரர்களிடமே ஏச்சு வாங்கி, திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து மகள் போனைத் திறந்திருக்கிறாள். வீட்டிலிருந்து வந்திருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் அவளுடைய அம்மாவிடம் பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது. "அந்தப் பையனுக்கு ஆபரேசன்மா. இன்னும் அஞ்சு நிமிசம் ஆட விட்டிருந்தா காலே போயிருக்கும்" என்றாள். வேறு ஏதேதோ பேசினாள். முடிக்கும்போது, "அவுக நல்லாருக்காகளாம்மா?" என்று கேட்டாள்.

அவுக. வெளியாட்களுக்கு எங்கள் பக்கத்தில் கொடுக்கும் மரியாதை அது. ஊர்ப் பெரிய மனிதர், சம்பந்தி வீட்டார், கடன் கேட்டு வந்தவர் எல்லாரும் அவுகதான். அப்பா மட்டும் அவுக இல்லை. குறை சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. மரியாதைக்கு எப்படிக் குறை சொல்வது?

ஆங்கிலத்தில் அவளுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் வாக்கியங்கள் அழகாக இருந்தன. அதுவே எனக்கு அருவருப்பாகிவிட்டது. அழித்துவிட்டு, தமிழில் "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை. மனைவியிடம் சொன்னேன். "தப்புன்னு அவளுக்குத் தெரியும். அவகிட்டயா நீங்க பொய் சொன்னீங்க? சொன்ன எடத்துல போய்ச் சொல்லுங்க" என்றாள். சரி என்றேன். ஆனால் போகவில்லை. அண்ணன் கடைப் பக்கம் இரண்டு முறை நடந்துபோய், வத்தல் நெடியில் தும்மிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆவணியில் மனைவிக்கு மதுரையில் முட்டி மாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் தினமும் காலையில் பயிற்சி செய்ய வேண்டும். மகளுக்கு அங்கே ஆட்டங்கள் தொடங்கிவிட்டதால் லீவு கிடைக்கவில்லை. போனில்தான் சொல்லித் தருகிறாள். தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைப்போம். அவளுக்கு அங்கே இன்னும் விடிந்திருக்காது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கு முகத்தோடு தெரிவாள். குதிகாலை ஏந்தி, முட்டிக்குக் கீழே கை கொடுத்து, மெல்ல மடக்க வேண்டும். அதைச் செய்வதற்கு வீட்டில் நான்தான் இருக்கிறேன்.

"அம்மா, அவுகள உன் மூஞ்சியப் பாத்து மடக்கச் சொல்லு. வலிச்சா மூஞ்சிலதான் மொதல்ல தெரியும்."

"பாருங்கங்கறா" என்பாள் மனைவி.

இப்படி ஒரு வீட்டுக்குள், ஒரே அறையில், மனைவி எனக்கும் மகளுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள்.

போன வாரம் ஒருநாள் காலையில் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். சம்பந்தி. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்க வந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து மனைவியின் காலைப் பிடித்திருந்தேன்.

"என்ன வாத்தியாரே, கடைசில பொண்டாட்டி காலப் பிடிக்க வந்துட்டீகளா!" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். குடத்தின் மேல் சாய்ந்திருந்த போனைப் பார்த்தார். "யாரு, டாக்டரம்மாவா?"

கையை எடுத்துவிட்டு எழுந்து அவரை உபசரிக்கத்தான் உடம்பு நினைத்தது. குதிகால் என் உள்ளங்கையில் இருந்தது, விட முடியவில்லை.

"என் மக. டாக்டரு இல்ல. புட்பால் டீமுல பிசியோவா இருக்கா. அன்னைக்கு டிவில பாத்தமே, அது இவதான். நான்தான் இல்லன்னேன்."

சம்பந்தி ஆப்பிள் பையை நாற்காலிக்குக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும் வாத்தியாரே" என்றார். "உங்க அண்ணனுக்கும் தெரியும். எங்க மகதான் அக்கா டீமுன்னு சொல்லிச்சே. அப்பறம், அச்சு அசலா உங்க மூக்கு. நீங்களே இல்லன்னுட்டீக, நாங்க என்ன சொல்றது?" தங்கை மகனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதையும் சொன்னார். டாக்டர் இல்லை என்பதால் அல்லவாம். "பெத்த பிள்ளையவே இல்லங்கிற வீடுன்னு தங்கச்சி யோசிச்சா. தப்பா நெனைக்காதீக."

தப்பாக நினைக்க எனக்கு என்ன இருக்கிறது?

லைன் போய்விட்டதோ என்று போனைத் திரும்பிப் பார்த்தேன். மகள் இருந்தாள். திரையைப் பார்க்கவில்லை; கீழே, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அம்மா," என்றாள் மகள் கடைசியில். "பிடி நழுவுது. குதிகால நல்லா ஏந்திப் பிடிக்கச் சொல்லு."

யாரிடம் சொல்லச் சொல்கிறாள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அவுக என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. நான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி மடக்கினேன்.