பழனாயியின் வளையலும் கந்தப்பனின் பல்லும்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி மெக்கானிக் கந்தப்பன். அவருக்குக் கை நன்றாக வேலை செய்யும்; வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும். உள்புறம் வெளியே தெரியத் தைத்து வரும் பனியன்களைத் திருப்ப, 2004-இல் அவர் ஒரு இயந்திரம் செய்தார். ஒரு தகரக் குழாய், அடியில் ஒரு புளோயர். குழாயின் வாயில் பனியனை மாட்டினால் காற்று உள்ளே இழுத்துத் திருப்பிவிடும். இதை அவர் டீக்கடையிலும் சலூனிலும் கல்யாணப் பந்தியிலும் விளக்கினார். மைக் கையில் கிடைத்ததால் கோயில் விழாவிலும் விளக்கினார்.

ஒரே குறை, பனியனின் கை குழாய் விளிம்பில் சிக்கிக் கிழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துச் சோதித்தபோது அவர் மனைவி பழனாயி தன் பிளாஸ்டிக் வளையலைக் கழற்றி அந்த விளிம்பில் செருகினாள்.

"இப்பப் போடுங்க மாமா."

பனியன் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், திரும்பி வந்தது.

மறுநாளே கந்தப்பன் கோவைக்கு ஓடினார். அங்கே காப்புரிமை வாங்கித் தரும் பேடண்ட் ஏஜெண்ட் அபிராமி கேட்டாள்: "இத யாருக்காச்சும் காட்டுனீங்களாண்ணா?"

"யாருக்கும் இல்லீங்க மேடம்." கொஞ்சம் யோசித்தார். "கம்பெனில மட்டும். அப்பறம் டீக்கடை. மைக்குல ஒருக்கா."

அபிராமி பேனாவை மூடினாள். ஊரறியச் சொன்ன பிறகு அது புதுமை இல்லை. புதுமை இல்லாததற்குக் காப்புரிமையும் இல்லை என்றாள்.

"வளையல் சங்கதி நேத்துத்தானுங்க. ஊட்ல மட்டுந்தான் தெரியும்."

பேனா மறுபடி திறந்தது. "அப்ப அதுக்குப் போடலாம். முதல்ல தற்காலிக விவரக்குறிப்பு எழுதிச் சென்னைல பதியணும். பதிஞ்ச தேதி கெடைக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. பத்து நாளாகும்."

ஊர் திரும்பிய கந்தப்பன் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பல்வலி என்று சைகை காட்டினார். டீக்கடைக்காரர் கிராம்பு கொடுத்தார். பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள் கன்னத்தில் எதையோ அரைத்துப் பூசினாள். ஐந்தாம் நாள் முதலாளி, நல்ல மனிதர், தன் காரிலேயே பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். "இதுவா? இதுவா?" பேச ஆரம்பித்தால் வளையல்தான் முதலில் வெளியே வரும் என்று கந்தப்பனுக்குத் தெரியும். மூன்றாவது பல்லுக்குத் தலையாட்டினார். நல்ல பல். பிடுங்கிவிட்டார்கள்.

பதினோராம் நாள் விண்ணப்ப எண் வந்தது. துண்டை அவிழ்த்தவர் காலை ஒன்பதிலிருந்து மதியச் சாப்பாடு வரை நிறுத்தாமல் பேசினார்.

முழு விவரக்குறிப்பு ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கான இயந்திரப் படங்களோடு வீட்டுக்கு வந்த அபிராமி, "வளையல் யோசன யாருது?" என்றாள். கந்தப்பன் மின்விசிறியைப் பார்த்தார். பழனாயி கையைத் தூக்கினாள்.

"கண்டுபிடிச்சவங்க பேர மறைக்கக் கூடாதுண்ணா. ரெண்டு பேர் பேரும் வரட்டும்."

"எம்பேர மொதல்ல எழுது கண்ணு," என்றாள் பழனாயி. உரிமைக் கோரிக்கையில் அவள் வளையல் 'உருண்டை விளிம்புடைய வளைய வடிவ உறுப்பு' ஆகியிருந்தது. "என்ற வளையலுக்கு இத்தன பெரிய பேரா!" என்று சிரித்தாள்.

காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனைக்குத் தனியாக விண்ணப்பித்தார்கள். தலையணை உறை திருப்பும் வெளிநாட்டு இயந்திரம் ஒன்று முன்பே இருக்கிறதே என்று ஆட்சேபம் வந்தது. அதில் வளையம் இல்லையென்று அபிராமி பதில் எழுதினாள். 2009-இல் காப்புரிமைச் சான்றிதழ் தபாலில் வந்தது.

"பழனாயிங்கறது யாருங்க?" என்றார் தபால்காரர்.

"கண்டுபிடிச்சவங்க. நான் அவங்க மெக்கானிக்குங்க," என்று கந்தப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.