அம்பலவாணரின் எக்கோ பெட்டி

"எக்கோ இல்லாத குரல் செத்த குரல். இந்த வீட்டில இனி ஒரு குரலும் சாகாது!"

இந்தப் பிரகடனம் 1965இல், சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்துச் சிலோன் ரோட்டில், துறைமுக அலுவலகக் கிளார்க் அம்பலவாணரின் வாயிலிருந்து வெளிவந்தது. கேட்டவர்கள் இருவர்: மனைவி பூரணம், சிராங்கூன் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ரவூப்.

ரவூப் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி. உள்ளே நீளமான ஸ்பிரிங்குகள். "பழைய ஆர்கன்லேருந்து கழட்டுனது சார். ரேடியோகிராம்ல மாட்டினா உங்க ஹாலே பெரிய மண்டபம் லா."

மண்டபம் ஆனதோ இல்லையோ, வீடு மருத்துவமனை வார்டு ஆனது. பூரணம் அலமாரியைச் சாத்தினால் ஸ்பிரிங் அதிர்ந்து இடி இடிக்கும். நடந்தால் உறுமும்.

"மெல்ல நடவும், பெட்டி அதிருது!"

"இஞ்சருங்கோ, பெட்டிக்காக நான் பறக்கிறதோ?"

பறக்கவில்லை, பாதம் பதியாமல் நடக்கப் பழகிக்கொண்டார். பூரணம் பாடும் தேவாரங்களை மைக் வழியாகப் பெட்டிக்குள் அனுப்பி, எதிரொலியோடு டேப்பில் பதிந்து வைத்தார் அம்பலவாணர். அது ஒலியுலகுக்கு அவர் ஆற்றிய தொண்டு. ஒலியுலகம் அதை இன்றுவரை அறியவில்லை.

1968இல் மழையோடு வந்த காய்ச்சலில் பூரணம் போய்விட்டார். அதன்பின் அலமாரி சாத்தப்படவில்லை. ஸ்பிரிங்குகள் நிம்மதியாகத் தொங்கின. சில வாரங்களில் அம்பலவாணருக்கு ஒரு பயம் பிடித்தது. மனைவியின் முகம் நினைவில் இருந்தது. குரல் வர மறுத்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, உறவினர் சாப்பிட்டுக் கை கழுவியதும், டேப்பைப் போட்டார். தேவாரம் முழங்கியது. எல்லோரும் மரியாதையாகத் தலை குனிந்தார்கள். பூரணத்தின் தங்கை கமலாம்பிகை மட்டும் நிமிர்ந்து கேட்டார்:

"அத்தான், இது ஆர் பாடுறது?"

"உன்ர அக்காதான்!"

"கோயில் ஸ்பீக்கர் மாதிரியெல்லோ கிடக்கு. அக்கா எங்கே?"

எல்லோரும் போனபின் அம்பலவாணர் மற்ற டேப்புகளையும் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் மண்டபம் இருந்தது, பூரணம் இல்லை. பாலில் கலந்த தண்ணீர்போல எதிரொலி குரலோடு பதிந்துபோயிருந்தது. பிரிக்க வழியில்லை.

பெட்டியில்தான் பழுது என்று ஒருவாறு தன்னைத் தேற்றிக்கொண்டு அதைத் தூக்கினார். ஆட்டம் நிற்க அடியில் எப்போதோ முட்டுக்கொடுத்திருந்த அட்டைப்பெட்டி ஒன்று தென்பட்டது. உள்ளே ஒரு டேப். பெட்டியை இணைக்க மறந்து பதிந்ததால் கழித்துப் போட்டது.

டேப்பை மாட்டினார். வழக்கம்போல எக்கோ பெட்டியின் வயரை ரேடியோகிராமில் செருகப் போனவர், கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு தரையில் போட்டார்.

தொண்டையைக் கனைக்கும் சத்தம். "இஞ்சருங்கோ, தொடங்கட்டோ? சோறு ஆறுது." அலமாரியைப் படாரென்று சாத்தும் ஓசை. "ஐயோ, சாத்திப்போட்டன்! பெட்டி அதிர்ந்ததோ?" ஒரு சின்னச் சிரிப்பு.

அதையடுத்து ஓர் ஆணின் அதட்டல்: "சீ, பெட்டியைக் கொளுவ மறந்துபோனன். செத்த குரல்! இது வேண்டாம்."

அம்பலவாணர் அந்த ஆளை நிறுத்திவிட்டு, டேப்பைக் கனைப்பு வரைக்கும் பின்னால் சுற்றினார்.