முதல் பந்தி மரியாதை

போன வாரம் எங்கள் தெருவிலேயே என்னை ஒருவர் அவமானப்படுத்திவிட்டார். திட்டினாரா? இல்லை. தள்ளிவிட்டாரா? அதுவும் இல்லை. உபசாரம் செய்தார்!

நடந்ததைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளுக்கு ஆபரேஷன் தியேட்டர் விளக்கு விற்பது. திங்கட்கிழமை நாக்பூர் என்றால் வியாழக்கிழமை ராய்ப்பூர். எனக்கு இரண்டு தலையணை வேண்டும் என்பது நாக்பூர் ஹோட்டல் ரிசப்ஷன் பெண்ணுக்குக் கேட்காமலே தெரியும். நானோ சொந்த வீட்டில் காலையில் எழுந்து, பாத்ரூம் என்று நினைத்துப் பீரோவைத் திறக்கிறேன். "அங்க புடவைதான் இருக்கும்" என்பாள் என் மனைவி கோமதி, கண்ணைத் திறக்காமலே. பழகிவிட்டது... அவளுக்கு.

இப்படிப்பட்டவன், கேரளத்தில் வலியசாலையில் எங்கள் தெருக் கோயில் உற்சவச் சாப்பாட்டுக்காக, பாஸிடம் பல்வலி என்று புளுகி லீவு வாங்கி வந்தேன். எங்கள் வழக்கம் இது: தெரு ஆண்கள்தான் பரிமாற வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கும் ஆபீஸுக்கு ஓடுகிறவர்களுக்கும் முதல் பந்தி. பரிமாறியவர்கள் கடைசியில்தான் உட்காருவார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து சாம்பார் வாளி என் இலாகா; கடைசி நாலைந்து வருஷம்தான் வர முடியவில்லை.

கோயிலை ஒட்டிய மண்டபத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிக்குக் கை நீட்டினேன். கமிட்டி செக்ரட்டரி ஹரிஹரன் — பேங்க் ஆபீசர், நாலைந்து வருஷம் முன்பு தெருவுக்குக் குடிவந்தவர் — அந்தக் கையை மெல்லப் பிடித்தார். ஓர் இலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சார் இங்க இரிக்கணும். வெளியூர்க்காராளுக்கு முதல் பந்தியாக்கும்."

வெளியூரா? நானா? இந்தத் தெருவிலேயே பிறந்த நானா? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விமானம் குலுங்கும்போதும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும். அங்கேயாவது பிடித்துக்கொள்ள சீட் பெல்ட் உண்டு!

சிபாரிசுக்குக் கோமதியைப் பார்த்தேன். பப்படம் அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "அவர் என்ன தப்பாச் சொல்லிட்டார்? நாளைக்குக் கார்த்தால ஃப்ளைட் இல்லியோ?"

விடுவேனா? இன்று இந்த இலையில் உட்கார்ந்தால் இனி ஆயுசுக்கும் விருந்தாளிதான். பிடுங்காத குறையாக வாளியை வாங்கினேன். ஹரிஹரன் விட்டுக்கொடுத்தார். கெஸ்ட் மனசு நோகக் கூடாதே!

பரிமாறினேன் பாருங்கள்... அப்படியொரு மிடுக்கு. வரிசையில் பாதி தாண்டியதும், ஆபீஸ் சட்டையும் கண்ணாடியுமாக ஒருவர். தெரியாத முகம். தெருவின் சார்பில் பெரிய மனசோடு குனிந்து விசாரித்தேன்.

"எந்த ஊர்லேர்ந்து வந்திருக்கேள்? கூச்சப்படாம சாப்பிடுங்கோ. நம்ம தெருவாக்கும் இது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் உங்க அடுத்தாத்துக்காரன், சாரே. போன மழைல உங்காத்து ஓடு பறந்தப்போ, ஏறி மாத்தினது நானாக்கும். மாமி சொல்லலியா?"

சொல்லியிருப்பாள். ஃபோனில். நான் ஏதாவது ஏர்போர்ட்டில் போர்டிங் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே 'ம்ம்' கொட்டியிருப்பேன்.

சாம்பார் அவர் இலையைத் தாண்டி ஓடியது. ஹரிஹரன் வந்து என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார்.  நான் போய், எனக்காகப் போட்டிருந்த இலையில் உட்கார்ந்தேன்.

எனக்கு ஹரிஹரன் மேல் கோபமில்லை. அந்த அடுத்தாத்துக்காரர் மேல் நிச்சயமாக இல்லை — எங்கள் கூரையே அவர் தயவில் நிற்கிறது. ஆனால் ஒரு மனுஷனை ஊர் ஊராகத் துரத்தி, பிறந்த தெருவிலேயே விருந்தாளியாக்கிவிட்டு, 'அடிக்கடி பறப்பவர்' என்று பாராட்டித் தங்க நிறத்தில் ஒரு கார்டும் கொடுக்கிறார்களே... அதை என்னவென்று சொல்வது? அந்தக் கார்டைக் காட்டினால் எந்த ஏர்போர்ட் லவுஞ்சிலும் காபி கிடைக்கும். எங்கள் தெருவில் ஒரு வாளி கிடைக்குமா?

கை கழுவும்போது ஹரிஹரனைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் சாம்பார் வாளி எனக்குத்தான், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன்.

"அதுக்கென்ன சார். தேதியை முன்கூட்டியே சொல்லிடறோம். நீங்க டிக்கெட் எடுக்கணுமில்லியோ?"

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது!